வராத சொல்லுக்கு வரையறை

மேற்படியார் என்று ஒரு மனிதருக்குப் பெயர் இருக்குமா என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் இருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய தொழில் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதை எடுத்துப் புழங்கியதில்லை.

பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் டைப் அடிக்கும் கடை என்னுடையது. கடை வாசலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு நீள பெஞ்சு. அதுதான் அவருடைய ஆபீஸ். பத்திரம் எழுதுவது அவர் தொழில். வீடு விற்கிறவர், வாங்குகிறவர், கூட்டுச் சேர்ந்து கடை போடுகிறவர், அந்தக் கூட்டை உடைத்துக்கொள்கிறவர் எல்லோரும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். அவர் கையால் எழுதுவார், நான் டைப் அடிப்பேன். பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறதே என்றுதான் வாசலில் இடம் கொடுத்தேன். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பது அப்போது தெரியாது.

பத்திரத்தில் 'மேற்படி' என்ற சொல் வரிக்கு வரி வரும். முன்னால் சொன்ன ஆள், முன்னால் சொன்ன இடம் என்று பொருள். அவருக்கு அது பத்திரத்தை விட்டு இறங்கி நாக்கிலேயே குடியேறிவிட்டது. டீக்கடைக்காரர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தால், "மேற்படி டீயில சர்க்கரை இல்லையே" என்பார். அடுத்த தெரு நாய் வந்து பெஞ்சுக்கடியில் படுத்தால், "மேற்படியான் வந்துட்டான் பாருங்க" என்பார். ஊர் சும்மா இருக்குமா? அந்தச் சொல்லையே எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டது.

இன்னொரு வியாதியும் உண்டு. எந்தச் சொல்லையும் அர்த்தம் சொல்லாமல் விடமாட்டார். "அதாவது" என்று தொண்டையைச் செருமினாரென்றால் நான் ஒரு பக்கம் டைப் அடித்து முடித்துவிடலாம். ஒருமுறை மரக்கடைக்காரர் ஒருவர் வீடு விற்க வந்தார். இவர் பேனாவைத் திறந்தபடி, "வீடு இப்ப உங்க சுவாதீனத்துல இருக்கா?" என்று கேட்டார். மரக்கடைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"யாருக்கு சுவாதீனம் இல்லைங்கிறீங்க? எனக்கா?"

"அதாவது, சுவாதீனம்னா கைவசம். நான் கேட்டது புத்தியப் பத்தி இல்லைங்க, வீட்டப் பத்தி."

"வீட்டுக்கு ஏதுய்யா புத்தி?"

நான் சிரித்த சிரிப்பில் டைப் அடித்த வரி கோணிக்கொண்டு போனது. மனிதரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லாமே சிரிப்பாக முடிந்ததில்லை. ஒரு தடவை அண்ணன்மார் இரண்டு பேர் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விடுதலைப் பத்திரம் எழுத வேண்டுமாம். அந்த அம்மாள் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள். கேட்டால், வீட்டின் மேல் ஏதோ பழைய வழக்கு இருக்கிறது, அதிலிருந்து தனக்கு விடுதலை என்று அண்ணன்கள் சொல்லியிருக்கிறார்கள். வேறொருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கியிருப்பார். இவர் பேனாவை மூடினார். "அதாவதும்மா, விடுதலை உங்களுக்கு இல்ல. உங்க பங்குக்கு. எனக்கு இதுல பங்கு வேண்டாம்னு நீங்க விட்டுக் குடுக்குறீங்க. தெரிஞ்சு குடுத்தா தாராளமா குடுங்க." அந்த அம்மாள் அண்ணன்களை மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அண்ணன்மார் திட்டிய திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது. இவர் பேனாவைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம போடுற கையெழுத்து கையெழுத்தே இல்ல" என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதுவரை தொணதொணப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த மனிதர், ஊருக்கெல்லாம் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னவர், தன் வீட்டில் ஒரே ஒரு சொல் இல்லாமல் தவித்த கதைதான் நான் சொல்ல வந்தது.

அவர் கல்யாணம் செய்துகொண்டது கொஞ்சம் வயதான பிறகு. மனைவி ஒரு தையல் டீச்சர். முதல் கணவர் தவறிப்போனவர். டீச்சர் ஒரு பெண் குழந்தையோடும் ஒரு தையல் மிஷினோடும் இவர் வீட்டுக்கு வந்தார். இவருக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பெண் வளர்ந்து, படித்து, இப்போது பெரிய கடைத்தெருவில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். அதனால் எங்கள் தெருவுக்கு அவள் கண்ணாடிப் பொண்ணு. டீச்சர் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அவள் அவரை எப்படிக் கூப்பிடுவாள் தெரியுமா? கூப்பிடவே மாட்டாள்.

நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். தினம் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து மேசையில் டக்கென்று வைப்பாள். அந்தச் சத்தம்தான் கூப்பிடுவது. அவர் தலை நிமிராவிட்டால் இன்னொரு டக். அப்படியும் நிமிராவிட்டால் என்னிடம் திரும்பி, "அக்கா, சாப்பாடு ஆறிடும்னு சொல்லுங்க" என்பாள். முழங்கை தூரத்தில் இருக்கிற மனிதருக்கு நான் தூது போவேன். வீட்டில் என்ன செய்வாளோ என்று ஒருநாள் கேட்டேன். "கதவைத் தட்டுவேன். இல்லன்னா சுவத்தப் பாத்து சொல்லுவேன்" என்றாள் சிரித்துக்கொண்டு. டீச்சர் இருந்தபோது, "அம்மா, அவருக்கு டீ வேணுமாம்" என்று தாய் வழியாகவே எல்லாம் போய்க்கொண்டிருந்ததாம். தாய் போனதும் பாலம் போய்விட்டது.

பாசம் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். எழுத்து மங்குகிறது என்று அவர் என்னிடம் சொன்னதை நான் அவளிடம் சொன்னதுதான் தாமதம், மறுநாள் அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், பரிசோதித்து, மூக்கு அழுந்தாத கண்ணாடிச் சட்டமாகத் தேடிக் கொடுத்தாள். அவரும் மழை வந்தால் குடையோடு அவள் கடை வாசலில் போய் நிற்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் ஒரே குடையில் வருவார்கள். பார்க்கிற எனக்குத்தான் எரிச்சலாக வரும். ஒரு வார்த்தை வாயில் வந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிட வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுத ஒரு வீட்டுக்காரர் வந்திருந்தார். குடியிருப்பவர் நாய் வளர்க்கக் கூடாது என்று நிபந்தனை. இவர் உடனே, "வரையறையில சேர்த்துடலாம்" என்று எழுதினார்: இந்த ஒப்பந்தத்தில் 'நாய்' என்ற சொல் பூனை, முயல், கிளி ஆகியவற்றையும் குறிக்கும்.

"பூனைய நாய்னு எழுதுறீங்களே, கூச்சமா இல்ல?" என்று நான் கேட்டேன்.

"டைப்பம்மா, அகராதி ஊருக்குப் பொது. பத்திரம் நம்ம வீடு மாதிரி. உள்ள நாம சொல்றதுதான் அர்த்தம். எழுதிக் குடுக்கிறவரும் எழுதி வாங்குறவரும் ஒத்துக்கிட்டா பூனை நாய்தான். இந்தப் பத்திரத்துக்குள்ள மட்டும். வெளிய போனா பூனை பூனைதான்."

வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்படியே குதிரைக்கும் ஒரு வரையறை போட்டுடுங்க" என்றார்.

"குதிரைங்கிற சொல்லே இதுல எங்கயும் வரலையே. வராத சொல்லுக்கு வரையறை எழுதக் கூடாதுங்க. அது பிழை."

கேரியரோடு வந்த கண்ணாடிப் பொண்ணு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்தது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவர் தம்பி வந்தார். வெளியூரில் வியாபாரம் செய்கிறவர். வாசனைத் திரவியம் முன்னால் வர, ஆள் பின்னால் வருவார். பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். தேனொழுகப் பேசினார்.

"அண்ணே, அண்ணி போனதுக்கப்புறம் அந்தப் பொண்ணு இன்னும் உங்க வீட்லதான் இருக்கா?"

"வேற எங்க இருப்பா? அது அவ வீடு."

"என்னண்ணே, ஊருக்கே அர்த்தம் சொல்றவரு நீங்க. உங்களுக்கப்புறம் வாரிசு யாருன்னு நீங்களே சொல்லுங்களேன்."

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். பொய் சொல்லத் தெரியாத வாய் அது.

"சட்டப்படின்னா... எனக்குப் பெண்டாட்டி இல்ல. நான் பெத்த பிள்ளை இல்ல. அதாவது, நீதான்."

"அதத்தான் நானும் சொன்னேன். அந்தப் பின்பக்க ரூம்ல நல்ல வெளிச்சம்ணே. நம்ம பையனுக்கு ஒரு ஆபீஸ் போட்டுக் குடுக்கலாம். இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல. நீங்க நல்லா இருக்கணும்."

பின்பக்க அறை அவளுடையது. அவள் தாயின் தையல் மிஷின் அந்த ஜன்னலோரம்தான் இருக்கிறது. அண்ணன் உயிரோடு டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அறையைப் பங்கு போட வந்த மனிதரை என்ன செய்வது? எனக்குக் கை துறுதுறுத்தது. தம்பி போன பிறகு மேற்படியார் டீ டம்ளர்களை ஓரமாக ஒதுக்கி வைத்தார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலே 'தானப் பத்திரம்' என்று எழுதினார்.

வீட்டை அவளுக்கு எழுதி வைத்துவிடுவது, தன் காலம் வரைக்கும் தானும் அங்கே குடியிருப்பது. விஷயம் இவ்வளவுதான். மற்றவருக்கென்றால் ஒரு காலைப்பொழுதில் எழுதி நீட்டிவிடுவார். சொந்தப் பத்திரம் நகரவில்லை. எழுதிக் கொடுப்பவர் பெயர், வயது, விலாசம் எல்லாம் ஆயிற்று. எழுதி வாங்குபவர் பெயரும் ஆயிற்று. இவருக்கு அவர் என்ன உறவு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. தினமும் தாளை எடுப்பார், அந்த இடம் வரைக்கும் படிப்பார், மடித்து இழுப்பறைக்குள் வைப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மகள்னு எழுதிட்டுப் போங்களேன். யார் கேக்கப் போறாங்க?"

"தம்பி கேப்பான். பதிவு ஆபீஸ்ல குடும்பம்ங்கிற சொல்லுக்கு ஒரு வரையறை வச்சிருக்காங்க, டைப்பம்மா. பெத்த பிள்ளை உண்டு. சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை உண்டு. மனைவி கூட்டிட்டு வந்த பிள்ளை அதுல இல்ல. அவ அடையாள அட்டையில அப்பா பேரு வேற. மகள்னு எழுதினா, பத்திரத்துல பொய் இருக்குன்னு நாளைக்குக் கோர்ட்ல நிப்பான். ஒரு சொல்லுல ஓட்டை இருந்தா போதும், வீடே ஒழுகிடும்."

"சரி, அதுல இல்லாதவங்களுக்கு என்னதான் பேரு?"

அவர் தாளை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார். அன்று சாயங்காலம் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்த இடம் நிரப்பப்பட்டிருந்தது. 'காலஞ்சென்ற என் மனைவியின் மகளும், எனக்கு உறவினர் அல்லாதவருமான' என்று எழுதியிருந்தார். கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை. நான் திட்டிக்கொண்டேதான் டைப் அடித்தேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் மத்தியானம் கேரியர் டக்கென்று மேசையில் உட்கார்ந்தது. அவர் எழுந்து, டைப் அடித்த தாளை அவள் கையில் கொடுத்தார். "படிச்சுப் பாரும்மா. தெரியாம கையெழுத்துப் போடக் கூடாது" என்றார். ஒரு பரிசைக் கொடுத்துவிட்டுப் பிரித்துப் பார்க்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்படி நின்றார்.

அவள் நின்றபடி படித்தாள். முதலில் கண் விரிந்தது. அப்புறம் அந்த வரிக்கு வந்துவிட்டாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. முகத்தில் இருந்த வெளிச்சம் விளக்கை அணைத்தாற்போல் போய்விட்டது.

"அக்கா, எனக்கு இந்த வீடு வேண்டாம்னு சொல்லுங்க."

"நான் எதுக்குடி சொல்லணும்? அவர் இங்கதானே நிக்கிறார், நீயே சொல்லு" என்று கத்திவிட்டேன். தூது போய்ப் போய் எனக்கும் அலுத்துவிட்டது.

அவள் திரும்பினாள். நான் பார்த்த வரைக்கும் அவள் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உறவினர் அல்லாதவர்கிட்ட எதுக்கு வீடு வாங்கணும்? வாடகை குடுத்துட்டு இருந்துக்கிறேன்."

"அதாவதும்மா, அது ஆபீஸ் வரையறை. உனக்கு நாளைக்கு ஒரு வில்லங்கமும் வரக் கூடாதுன்னுதான்..."

"நாங்க வந்த முதல் நாள் என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? நான் சின்னப் பிள்ளை. இவரை எப்படிம்மா கூப்பிடணும்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா வாயத் திறக்கறதுக்குள்ள நீங்க குனிஞ்சு எங்கிட்ட சொன்னீங்க. 'அப்பாங்கிற சொல் உங்க அப்பாவுக்கு உரியது. அத நான் எடுத்துக்க மாட்டேன்'னு."

"ஆமா. சொன்னேன்."

"வேண்டாம்னு சொல்லிட்டாரேன்னு அன்னைக்கு முழுக்க அழுதேன். அப்புறம் வேற சொல் தேடிப் பாத்தேன். கிடைக்கல."

மேற்படியார் ஓரடி முன்னால் வந்தார். "வேண்டாம்னா சொன்னேன்? இன்னொருத்தருக்கு உரியத நாம எடுக்கக் கூடாதுன்னு... மரியாதைக்குச் சொன்னேம்மா. நீயா குடுத்தா வாங்கிக்கலாம்னு இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன்."

"குடுத்தா வாங்க மாட்டீங்கன்னு நினைச்சுத்தான் நான் குடுக்கல."

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேரியரை யாரும் திறக்கவில்லை. நான் சொல்கிறேன், சட்டம் தெரிந்த மனிதர்தான் இப்படி ஒரு தப்புச் செய்ய முடியும். வேறு எவனாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பான். அந்தச் சொல் தானாக வந்திருக்கும். இவர் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் உரிமை பேசியிருக்கிறார். செத்துப்போன மனிதருக்கு நியாயம் செய்யப் போய், உயிரோடு இருக்கிற இரண்டு பேருக்கு அநியாயம் செய்துவிட்டார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டிருந்தது. அவர் அதை மாற்றவில்லை. ஆனால் தானம் என்ற சொல்லுக்கும் ஒரு வரையறை உண்டு. அதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். கொடுக்கிறவர் கொடுத்தால் மட்டும் அது தானமாகாது. வாங்குகிறவர் வந்து ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவள் வராவிட்டால் அது வெறும் காகிதம். அப்புறம் பின்பக்க அறை தம்பி மகனுடைய ஆபீஸ்தான். அந்த நாட்களில் கேரியர் வருவது நிற்கவில்லை. கண்ணாடிக் கடை ஊழியர் ஒருவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். டக் சத்தம் இல்லாத மத்தியானங்களில் இவர் சாப்பிடவே மறந்து உட்கார்ந்திருந்தார். நான்தான், "மேற்படி சாப்பாடு ஆறுது" என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

குறித்த நாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பத்திரம் மேசையில் இருந்தது. தெருமுனையைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார், மறுபடியும் தெருமுனையைப் பார்ப்பார். எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னால் அவள் வந்தாள். வேகமாக நடந்து வந்திருக்கிறாள், நெற்றியெல்லாம் வியர்வை. அவரிடம் போகவில்லை. நேரே என் கடைக்குள் வந்து பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு வரி சேர்க்கணும். வரையறைன்னு போட்டு அடிங்க."

"என்னன்னு அடிக்க?"

"இந்தப் பத்திரத்தில் 'அப்பா' என்ற சொல் எழுதிக் கொடுப்பவரைக் குறிக்கும்."

என் விரல் சாவியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. வாசலில் நாற்காலி இழுபடும் சத்தம். மேற்படியார் உள்ளே வந்து நின்றார். அந்த நேரத்தில்கூட, அந்தப் பாழாய்ப்போன தொழில் புத்தி விடுமா?

"அது... அந்தச் சொல் இந்தப் பத்திரத்துல எங்கயும் வரலையேம்மா. வராத சொல்லுக்கு வரையறை எழுதக் கூடாது."

"வரும்" என்றாள் அவள். "அக்கா, கடைசிப் பக்கத்துல 'மேற்கண்ட தானத்தை ஏற்றுக்கொள்கிறேன்'னு இருக்குல்ல? அத எடுத்துட்டு இப்படி அடிங்க. 'அப்பா எனக்குக் கொடுத்த வீட்டை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.'"

அடித்தேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. பிழை வந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. தாளை உருவி அவரிடம் கொடுத்தேன். அவர் புது வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

"ஆபீஸ்காரங்க ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"மேல உறவினர் அல்லாதவர்னு உண்மையும் இருக்கு. கீழ வரையறையும் இருக்கு. தப்பில்ல." பிறகு அவளைப் பார்த்து, ரொம்பத் தயங்கி, "ஆனா, வரையறைங்கிறது பத்திரத்துக்குள்ள மட்டும்தான் செல்லும்மா. வெளிய செல்லாது" என்றார்.

"இந்தப் பத்திரம் எவ்வளவு காலத்துக்குச் செல்லும்?"

"தானப் பத்திரம்... சந்திர சூரியர் உள்ளவரைக்கும்."

"அது போதும்."

பதிவு அலுவலகத்துக் கூடத்தில் நல்ல கூட்டம். நானும் சாட்சியாகப் போயிருந்தேன். மின்விசிறிக்கு அடியில் அவர் நின்றார், ஓரடி தள்ளி அவள். குமாஸ்தா கவுண்டரோரம் வந்து பத்திர எண்ணைச் சொல்லி, "எழுதிக் கொடுப்பவர் உள்ள வாங்க" என்று குரல் கொடுத்தார். வாழ்நாள் முழுவதும் அந்தக் கூடத்துக்குள் பிறரை அனுப்பி வைத்த மனிதருக்குத் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது காதில் ஏறவில்லை. கையிலிருந்த தாளின் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குமாஸ்தா இன்னொரு முறை கத்தினார்.

தட்டுவதற்கு அங்கே கதவு இல்லை. டக்கென்று வைக்கக் கேரியர் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தூது போகிற உத்தேசமே இல்லாதவளாய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன்.

"அப்பா" என்றாள்.

மேற்படியார் நிமிர்ந்தார். நிமிர்ந்து, யாருடைய அப்பாவைக் கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"உங்களத்தாம்ப்பா" என்றாள் அவள், அவர் கையிலிருந்த தாளைக் காட்டி. "வரையறையப் படிங்க."